நினைவு நிதி: பல் சிகிச்சைக் கதிரைக்கா, பஸ் காசுக்கா?

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர் சென்ற ஆண்டு வாய்ப் புற்றுநோயால் காலமானார். இளம் வயதிலிருந்தே புகையிலையோடு வெற்றிலை போட்டவர். கொடுப்புக்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடத்தைக் கடத்திவிட்டார். அவர் நினைவாக 12 இலட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கனடாவில் இருக்கும் என் தம்பியும் மெல்பேர்னில் இருக்கும் மகனும் சேர்ந்து ஆண்டுதோறும் 3 இலட்சம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். கிராமப்புற வைத்தியசாலை ஒன்றுக்குப் பல் சிகிச்சைக் கதிரை வாங்கிக் கொடுப்போம் என்கிறான் தம்பி. ஆட்டைத்திவசத்தன்று ஈச்சிலம்பற்றில் இலவசப் பல் முகாம் நடத்துவோம் என்கிறான் மகன். எங்கள் அயலில் ஒரு மீன்பிடித் தொழிலாளியின் மகள் பேராதனையில் பல் மருத்துவம் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். அவளுக்கு உதவலாம் என்று என் மனம் சொல்கிறது. மூன்றில் எது சரி? இதற்கென்று ஓர் அமைப்பைப் பதிவு செய்ய வேண்டுமா? கணவரின் தம்பிக்கும் அதே வெற்றிலைப் பழக்கம் உண்டு. சொன்னால் கேட்பதில்லை.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதுதான் அவசரம். கணவரின் தம்பியை இந்த வாரமே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வெற்றிலையை விடச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். அந்தப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ‘அண்ணனுக்கு வந்த வருத்தம் தெரியும்தானே தம்பி, ஒருமுறை வாயைக் காட்டிவிட்டு வருவோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். பல் வைத்தியர் கொடுப்பின் உட்புறத்தையும் நாக்கின் இரு ஓரங்களையும் நாக்கடியையும் வெளிச்சத்தில் பார்ப்பார். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம் இருக்கிறதா, மூன்று வாரமாகியும் ஆறாத புண் உண்டா, வாய் முன்புபோல் அகலத் திறக்கிறதா, கறியில் உறைப்பு கொஞ்சம் கூடினாலே வாய் எரிகிறதா என்று விசாரிப்பார். சில நிமிட வேலை. இந்த மாற்றங்கள் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காக வேலையை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. உங்கள் கணவரும் அப்படித்தான் நாளைக் கடத்தியிருப்பார். அவரையோ உங்களையோ குறை சொல்ல அதில் எதுவும் இல்லை.

இனி நிதிக்கு வருவோம். கதிரை வாங்கும் உங்கள் தம்பியின் யோசனையை நான் ஏற்கவில்லை. மகனின் யோசனையைத் திருத்தி ஏற்கிறேன். உங்கள் மனம் சொன்னது சரி. ஆனால் நிதி முழுவதும் அதற்கே போக வேண்டியதில்லை.

கதிரை வாங்கிக் கொடுப்பது கொடுப்பவர்களுக்கு மிகவும் பிடித்த தானம். கண்ணால் பார்க்கலாம், பெயர் பொறிக்கலாம். கிழக்குக் கரையோரக் கிராமப்புற வைத்தியசாலை ஒன்றில் அப்படி வந்த ஒரு கதிரையைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் உண்மையான பாசத்தோடு வாங்கி அனுப்பியது. நான் பார்த்தபோது அதன்மேல் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்று போர்த்தியிருந்தது. பல்லைத் துளைக்கும் கருவி சுழல்வதற்குக் காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசர் பழுதாகியிருந்தது. கிணற்று நீரின் சுண்ணாம்பு மெல்லிய நீர்க்குழாய்களுக்குள் படிந்து அடைத்திருந்தது. கடற்காற்று இணைப்புகளைத் துருவேற்றியிருந்தது. அந்த வகைக் கதிரை இலங்கையில் விற்பனையிலேயே இல்லை, அதனால் உதிரிப்பாகமும் இல்லை. பக்கத்தில் ஒரு மரக்கதிரையில் நோயாளியை இருத்தி, யன்னல் வெளிச்சத்தில் பல் வைத்தியர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கதிரை ஓடுவதற்குப் பல் வைத்தியர் வேண்டும், உதவியாளர் வேண்டும், கருவிகளைக் கிருமிநீக்கும் இயந்திரம் வேண்டும். மாதம் தவறாமல் கையுறையும் விறைப்பு ஊசி மருந்தும் அடைப்புச் சீமெந்தும் வர வேண்டும். பல் வைத்தியர் பதவியைச் சுகாதார அமைச்சு அனுமதிக்காத இடத்தில் நாம் கதிரையைக் கொண்டுபோய் வைத்தால் அது தளபாடம் மட்டுமே. இயந்திரத்துக்குத்தான் கொடுப்பேன் என்று உங்கள் தம்பி நின்றால், புதியது வாங்காமல், மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் கதிரைகளில் எதற்கு நீர்வடிகட்டியும் திருத்தமும் தேவை என்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் கேட்டு அதைச் செய்யச் சொல்லுங்கள். பெயர்ப்பலகை கிடைக்காது, கதிரை ஓடும்.

பல் மருத்துவத்துக்குக் கிடைத்த கொடைகளில் நிலைத்து நின்றவற்றைப் பார்த்தால் இது விளங்கும். கொடாக் கமராவால் பெருஞ்செல்வரான ஜோர்ஜ் ஈஸ்ட்மன் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் பிள்ளைகளுக்கான பல் சிகிச்சை நிலையத்தை 1917இல் திறந்தார். கட்டடத்தோடு அவர் கையைக் கழுவிவிடவில்லை. நடத்தும் செலவுக்கு மூலதனம் வைத்தார். பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்யும் பணியாளர்களைப் பயிற்றவும் ஏற்பாடு செய்தார். நம் நாட்டிலும் 1950களில் நாடுகளிடையே உதவி பரிமாறும் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியபோது மகரகமையில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களின் பயிற்சி தொடங்கியது. அங்கே பயின்றவர்களே இன்றுவரை பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் 13 வயதுவரையான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் யப்பானின் உதவியோடு பேராதனையில் பல் போதனா வைத்தியசாலை எழுந்தபோதும், கட்டடத்தோடு விரிவுரையாளர்களுக்கான பயிற்சியும் சேர்ந்தே வந்தது. இவை அரசுகளும் கோடீஸ்வரர்களும் கொடுத்தவை. ஆனாலும் 12 இலட்சத்துக்கும் அதே கணக்குத்தான்: ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், ஆண்டு தவறாமல் கொடுக்க வேண்டும்.

அடுத்தது மகனின் முகாம். ஒருநாள் முகாமில் காலை எட்டு மணிக்கே பாடசாலை மண்டபம் நிறைந்துவிடும். ஒரு பல்லை ஒழுங்காக அடைக்க அரை மணி நேரம் வேண்டும்; பிடுங்கச் சில நிமிடம் போதும். வரிசை நீளும்போது வைத்தியரின் கை குறட்டுக்குத்தான் போகும். இதில் எனக்கு மிகவும் கவலை தருவது ஆறு வயதுப் பிள்ளைகளின் கடைவாய்ப்பல். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பால்பல்லும் விழாமலே முளைக்கும். அதனால் பெரும்பாலான தாய்மார் அதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அதன் மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் உண்டு. பிஸ்கட் மா அதற்குள் அப்பிக்கொள்ளும். முளைத்து இரண்டு மூன்று வருடத்துக்குள் சூத்தை விழும். ‘விழுகிற பல்தானே ஐயா, பிடுங்கிவிடுங்கள்’ என்று தாய் சொல்வாள். அது அறுபது வயதுவரை இருக்க வேண்டிய பல். முகாமின் அவசரத்தில் இதை விளக்க நேரம் கிடைக்காது. அன்றிரவு பிள்ளைக்கு இரத்தம் நிற்காவிட்டால் யாரிடம் போவது என்றும் அந்தத் தாய்க்குத் தெரியாது. வந்த வைத்தியர்கள் மாலை வாகனத்தில் ஊர் திரும்பியிருப்பார்கள்.

ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: இடத்தை மாற்ற வேண்டாம், வேலையை மாற்றுவோம். ஈச்சிலம்பற்றையும் வெருகலையும் பிடித்துக்கொள்ளுங்கள். மாவட்டம் முழுவதும் ஓட ஆசைப்படாதீர்கள். அங்கே பல் பிடுங்கப் போக வேண்டாம். வாயைப் பார்க்கப் போவோம். வெற்றிலை போடும் பெரியவர்களின் வாயைப் பார்ப்பது முதல் வேலை.

இது வெறும் நல்லெண்ணம் அல்ல, சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது. மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்தது. அதற்கு முன்னரே, 1980களில், இலங்கையிலும் ஆரம்பச் சுகாதார ஊழியர்களைப் பயிற்றி இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்க வைத்தார்கள். ஊழியர்கள் சந்தேகத்துக்குரிய மாற்றங்களைப் பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டார்கள். ஆனால் வைத்தியரிடம் போகும்படி அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் போகவே இல்லை.

அந்த அரைவாசிப் பேரைத்தான் உங்கள் நிதி தேடிப் போக வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அவர்கள் ஏன் போகவில்லை என்பது நமக்குத் தெரியாத விஷயமா? 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைப் படகுக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. என்றாலும் ஈச்சிலம்பற்றிலிருந்து நகருக்கு வந்து, இலக்கத் துண்டு எடுத்து, வரிசையில் இருந்து, திரும்பிப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒரு தடவையோடு முடிவதுமில்லை. முதலில் பார்ப்பார்கள், பிறகு சிறு தசைத்துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவுக்கு இன்னொரு நாள் வர வேண்டும். கத்தி பட்டால் வருத்தம் பரவிவிடும் என்று அயலில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படிப் பரவுவதில்லை, அந்தத் துண்டு இல்லாமல் நோயை உறுதிப்படுத்தவும் முடியாது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பஸ், சாப்பாடு, கூட வருபவரின் கூலி, மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அனுப்பினால் தங்குமிடம் என்பவை இலவசம் அல்ல.

அப்படியென்றால் ஆண்டுக்கு வரும் 3 இலட்சத்தில் பெரும்பகுதியை இதற்கு வையுங்கள். அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரியும் பல் வைத்தியரும் சம்மதித்தால் அவர்களே பரிசோதனையை நடத்துவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது அதற்குப் பின்னால் உள்ள வேலை. சந்தேகம் என்று எழுதப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ப் பதிவு, போய் வரும் செலவு, அன்றைய கூலியில் ஒரு பங்கு, போகப் பயப்படுகிறவரோடு கூடப் போக ஒருவர். அந்த ஊரிலேயே மதிப்புள்ள ஒரு பெண்ணைப் பிடியுங்கள். முன்பள்ளி ஆசிரியையாகவோ சங்கத் தலைவியாகவோ இருந்தால் நல்லது. அவருக்கு மாதம் ஒரு கொடுப்பனவு கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். மூன்றாவது மாதம் நின்றுவிடும். யார் போனார், யார் போகவில்லை என்பதை அவர் கொப்பியில் எழுதட்டும். போகாதவர் வீட்டுக்கு இரண்டாம் தடவையும் போகட்டும்.

புகையிலை இல்லாமல் வெறும் பாக்கும் வெற்றிலையும் போட்டால் ஒன்றுமில்லை என்ற எண்ணத்தையும் அங்கே நிறையச் சந்திப்பீர்கள். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. வாய் இறுகித் திறக்க முடியாமல் போகும் வருத்தத்துக்கும் பாக்குத்தான் காரணம். கோவில் தட்டிலும் கல்யாண வீட்டிலும் இருக்கும் வெற்றிலையின் மரியாதையை யாரும் பறிக்கத் தேவையில்லை. நாள் முழுவதும் கொடுப்புக்குள் அடக்கி வைத்திருப்பதைத்தான் பேச வேண்டும்.

மீதியை முன்பள்ளிகளுக்குக் கொடுங்கள். நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேருக்குப் பற்சிதைவு இருப்பதாக 2015-16இல் நடந்த தேசிய ஆய்வு காட்டியது. ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு தடவை புளோரைட் வார்னிஷ் பூசினால் பால்பற்களின் சிதைவு சராசரியாக 37 வீதமும் நிரந்தரப் பற்களின் சிதைவு 43 வீதமும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டு 2013இல் வெளிவந்த கொக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. பூசுவது பல் வைத்தியரும் பாடசாலைப் பல் சிகிச்சையாளரும் செய்யும் வேலை, பெற்றோரின் சம்மதத்தோடு. வாகன வசதி இல்லாமல் அவர்களால் தூரத்து முன்பள்ளிகளுக்குப் போக முடியாத இடங்களில் உங்கள் பணம் அந்த வாகனமாக இருக்கலாம். மற்றும்படி, காலை உணவுக்குப் பின் பிள்ளைகள் ஆசிரியையின் கண்முன் பல் தீட்டுவதற்குப் பிரஷும் பற்பசையும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணியளவு பற்பசை. அதற்குக் கீழே ஓர் அரிசியளவு. விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். உலர் வலயத்தின் சில கிணறுகளில் புளோரைட் ஏற்கெனவே அதிகம். அந்த நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் விழும். ஆகவே தொடங்குவதற்கு முன் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

இப்போது அயல்வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலோ பல்கலைக்கழக நிதியுதவியோ கிடைக்கவும் கூடும். விண்ணப்பித்தாளா என்று முதலில் பாருங்கள். ஆனாலும் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்குப் பேராதனை மலிவான ஊர் அல்ல. விடுதி கிடைக்காத காலத்தில் அறை வாடகை, மூன்று நேரச் சாப்பாடு, மடிக்கணினி, பயிற்சிக்கு வேண்டிய சாமான்கள் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். கடல் கொந்தளிக்கும் வாடைக்காற்றுக் காலத்தில் தகப்பனால் தொழிலுக்குப் போக முடியாது; பிள்ளை ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வாள், வீட்டில் சொல்லமாட்டாள். இப்படியான மாணவிகளுக்கு ஒரு பெரிய தொகையைத் தூக்கிக் கொடுப்பதைவிட, மாதம் பிசகாமல் போகும் சிறு தொகை பல மடங்கு உதவி. 12 இலட்சத்தையும் அரச வங்கி ஒன்றில் நிலையான வைப்பாகப் போட்டு வட்டியை மாதாமாதம் அவள் கணக்குக்கு அனுப்புங்கள். முதலைத் தொடாதீர்கள். இவள் படித்து முடித்ததும் மாவட்டத்தின் இன்னொரு பிள்ளைக்கு அது போகட்டும். திருகோணமலை, பல்கலைக்கழக அனுமதியில் வசதி குறைந்தவை என்று ஒதுக்கப்பட்ட 16 மாவட்டங்களில் ஒன்று. இங்கிருந்து தெரிவாகிறவர்களில் பண நெருக்கடியோடு போகும் பிள்ளை எப்போதும் ஒருவராவது இருப்பார். தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை என்று பாராமல் கொடுங்கள். மகரகமைக்குப் பயிற்சிக்குப் போகும் பாடசாலைப் பல் சிகிச்சையாளரையும் அதே மதிப்போடு கணக்கில் எடுங்கள்.

‘படித்துவிட்டு திருகோணமலைக்கே வந்து வேலை செய்ய வேண்டும்’ என்று எழுதி வாங்காதீர்கள். அரச நியமனமும் இடமாற்றமும் அவள் கையில் இல்லை. நியமனம் பிந்தும் ஆண்டுகளும் உண்டு. அந்த வாக்குறுதி அவளுக்குச் சுமையாகும், உங்களுக்கு மனத்தாங்கலாகும். விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஈச்சிலம்பற்றுப் பரிசோதனை நாட்களில் கூடப் போகச் சொல்லுங்கள். பெயர் பதிவாள், பிள்ளைகளுக்குப் பல் தீட்டக் காட்டுவாள், முதியவர்களோடு பேசுவாள். கிராமத்துக்கு வந்து வேலை செய்யும் எண்ணம் அந்த நாட்களில் தானாகப் பிறந்தால்தான் நிற்கும். அவளுடைய படத்தையும் நோயாளிகளின் வாய்ப் படங்களையும் முகநூலில் போட வேண்டாம் என்று மகனிடமும் தம்பியிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பதிவு இப்போது தேவையில்லை. வெளியாரிடம் பணம் சேர்க்காமல், குடும்பத்துப் பணத்தைக் குடும்பமே செலவிடும்வரை ஒரு தனி வங்கிக் கணக்கும் வரவுசெலவுக் கொப்பியும் போதும். இரண்டு மூன்று வருடம் நடந்து, மற்றவர்களும் சேர விரும்பினால், நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு அறக்கட்டளை உறுதி எழுதிக்கொள்ளலாம். நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம் அதற்கு 1917இலிருந்தே இருக்கிறது. உறுதியில் உங்கள் மூவரோடு, உறவில்லாத பல் வைத்தியர் ஒருவரையும் பொறுப்பாளராகச் சேருங்கள்.

முதல் காரியமாகப் பிராந்தியப் பல் வைத்திய அதிகாரியைச் சந்தியுங்கள். பணத்தைப் பற்றிப் பேசாமல், ஈச்சிலம்பற்றில் இப்போது என்ன நடக்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது நான் எழுதியதோடு பொருந்தாவிட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் இருப்பவர் அவர். அந்தச் சந்திப்பு பிந்தினாலும் மாணவியின் பணத்தைப் பிந்தவிடாதீர்கள். விரிவுரை தொடங்கும் மாதத்திலேயே முதல் தொகை போய்ச் சேர வேண்டும். அறை முற்பணம், மெத்தை, புத்தகம், வெள்ளை மேலங்கி எல்லாம் அந்த ஒரு மாதத்திலேயே வந்து நிற்கும். வைப்பின் முதல் வட்டி வருவதற்கு முன்பாகவே அந்தத் தொகையை மகன் அனுப்பிவிடட்டும்.